ஃப்ரிட்ஜுக்குக் கடன் வாங்கலாம், கணவரின் பழைய பாக்கிக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்

வடசென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 36. கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு லைன் வீட்டில், தரைத்தளத்தில், இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருக்கிறார். குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்த கணவர் நான்கு வருடங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், மகன் மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பு. இரண்டு வீடுகளில் சமையலும் வீட்டு வேலையும் செய்து மாதம் 6,500 ரூபாய் சம்பாதிக்கிறார். விதவை உதவித்தொகை 1,200. ஆக மொத்தம் 7,700. இதில் வாடகை 3,000, ஏற்கெனவே எடுத்த குழு லோனுக்கு மாதம் 1,900. அந்த லோன் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

போன மழையில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து முழங்கால் அளவு நின்றிருக்கிறது. கேஸ் அடுப்பு, மிக்ஸி, மெத்தை, பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் போய்விட்டன. விலை விசாரித்து எழுதியிருக்கிறார்: அடுப்பு 2,000, மிக்ஸி 2,500, மெத்தை இரண்டு 4,000, ஃப்ரிட்ஜ் 15,500, பீரோ 8,000. மொத்தம் 32,000 ரூபாய்.

அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. தெருவில் தண்டல் விடுகிறவர் 20,000 ரூபாய்க்குப் புரோ நோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போடுகிற காகிதம்) போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அதில் கணவர் வாங்கிய பழைய பாக்கி 9,000, முன்வட்டி 3,000 இரண்டையும் கழித்துக்கொண்டு 8,000 கையில் தருவார். தினம் 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அடமானமாக ஏ.டி.எம். கார்டைக் கேட்கிறார். இரண்டாவது, இன்னொரு மைக்ரோ ஃபைனான்ஸ் ஆள் மாதம் 2,100 தவணையில் 40,000 குழு லோன் தருவதாகவும், "வருமானத்தை 15,000-ன்னு எழுதிக்கலாம்" என்றும் சொல்லியிருக்கிறார். மூன்றாவது, கடையில் 'வட்டியில்லாத் தவணை'. போதாததற்கு மகள் போனில் ஒரு லோன் ஆப்பைக் காட்டியிருக்கிறாள்.

கடைசியில் கேட்கிறார்: "எதை எடுக்கட்டும் மேடம்? உதவித்தொகை வாங்குறவளுக்கு பேங்க்ல கடன் தர மாட்டாங்கல்ல? கடன் வாங்கி ஃப்ரிட்ஜ் வாங்கினா உதவித்தொகையை நிறுத்திடுவாங்களா? கட்ட முடியலேன்னா ஜெயிலா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில், "ஃப்ரிட்ஜ் கேக்குறது எனக்கே பேராசையாத்தான் இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் தள்ளி வையுங்கள். காலை ஐந்து மணிக்குச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய், சாயந்திரம் திரும்புகிற ஒரு தாய்க்கு, சென்னை வெயிலில் மத்தியானச் சாம்பார் கெடாமல் இருப்பது ஆடம்பரம் இல்லை. ஃப்ரிட்ஜ் இருந்தபோது ரேஷன் அரிசியில் மாவு அரைத்து நான்கு நாள் ஓட்டியதாகவும், இப்போது தினமும் மாவு பாக்கெட் வாங்குவதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாக்கெட்டுக்குப் போகிற காசை ஒரு மாதம் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் தேவையா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கே பதில் சொல்லிவிடும்.

ஆகவே நான் கடனே வாங்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. எவ்வளவு வாங்குவது, யாரிடம் வாங்குவது, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என்பதுதான் விஷயம். அதிலும் தண்டல்காரர் நீட்டுகிற நோட்டில் உங்கள் கையெழுத்து விழவே கூடாது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

கணவரின் பாக்கி உங்கள் கடன் அல்ல

"புருஷன் வாங்கின கடனை பொண்டாட்டி கட்டித்தானே ஆகணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவரின் கடனை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் கேட்க முடியும். மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ அவரிடமிருந்து எவ்வளவு சொத்து வந்ததோ, அந்த அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. வண்டி ஃபைனான்ஸ் கம்பெனிக்கே போய்விட்டது, வீடு வாடகை வீடு, வேறு சொத்து எதுவும் இல்லை என்கிறீர்கள். நீங்கள் ஜாமீன் கையெழுத்தும் போடவில்லை. அப்படியானால் அந்த 9,000 ரூபாய்க்கு உங்கள் மேல் சட்டப்படி எந்தப் பொறுப்பும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். புரோ நோட்டுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலவரம்பு. நான்கு வருடம் பேசாமல் இருந்தவர் இப்போது நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம் புதிய நோட்டில்தான் ஒளிந்திருக்கிறது. பழைய பாக்கியைச் சேர்த்து 20,000 என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட நிமிஷத்தில், இதுவரை உங்களுடையதாக இல்லாத கடன் உங்களுடையதாகிவிடும். நாளைக்கு எந்தக் கோர்ட்டிலும் அந்த நோட்டைத்தான் காட்டுவார்கள். "அதுல 9,000 என் வீட்டுக்காரரோடது" என்று நீங்கள் சொல்வதை நிரூபிக்க உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

மனசாட்சி உறுத்துகிறது, அவர் பெயர் கெடக்கூடாது என்று நினைக்கிறீர்கள். அது உங்கள் நல்ல மனசு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, வசதி வந்த பிறகு, கொடுக்க விரும்பினால் கொடுங்கள். ஆனால் அதை இன்றைக்கு ஒரு நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

தண்டல் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

"நூத்துக்குப் பதினஞ்சுதான் பிடிக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பழைய பாக்கியை மறந்துவிட்டே பார்ப்போம். 20,000 என்று எழுதி 17,000 தருகிறார். 100 நாளில் 20,000 திருப்பிக் கட்டுகிறீர்கள். அந்த 3,000 ரூபாய் ஒரு வருடத்துக்கான வட்டி இல்லை, மூன்று மாதமும் பத்து நாளும்தான். அதுவும் மறுநாளிலிருந்தே தினம் 200 திரும்பிப் போகிறது. முழு 17,000 உங்கள் கையில் ஒரு நாள்தான் இருக்கும். இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம் வருகிறது. 'ரெண்டு வட்டி' என்று நம் பக்கம் சொல்வோமே, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதுவே ஆண்டுக்கு 24 சதவீதம்தான். இது பத்து வட்டி.

பழைய பாக்கியையும் சேர்த்தால் இன்னும் மோசம். கையில் வருவது 8,000, கட்டுவது 20,000. தினம் 200 என்றால் மாதம் 6,000. உங்கள் மொத்த வருமானம் 7,700. வாடகைக்கே மிச்சம் இருக்காது. இருபதாம் நாளே தவணை தவறும், தவறியதை அடைக்க இன்னொரு தண்டல் வாங்கச் சொல்வார்கள். இலவச சட்ட உதவிக்கு வரும் பெண்களிடம் கேட்டால், முதல் கடன் எதற்கு வாங்கினோம் என்பதே பலருக்கு மறந்து போயிருக்கும். அத்தனை நோட்டு மாறியிருக்கும்.

2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடை செய்து ஒரு சட்டம் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி என்பவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே அது குறிப்பிடுகிறது. அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் இப்படி வட்டி வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் இருக்கிறது என்பதற்காக வாங்கிவிட்டுப் பிறகு புகார் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதே தெருவில்தான் நீங்களும் பிள்ளைகளும் இருக்க வேண்டும். வாங்காமல் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

ஏ.டி.எம். கார்டு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: யாருக்கும் தராதீர்கள். ரேஷன் ஸ்மார்ட் கார்டும் அப்படியே. உதவித்தொகை விழுந்த அன்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மீதி எவ்வளவு என்று நீங்கள் அவர்கள் வாசலில் நின்று கேட்க வேண்டியிருக்கும். ஒன்றும் எழுதாத புரோ நோட்டு, வெற்று செக் இரண்டும் அதைவிட ஆபத்து.

குழு லோன், கடைத் தவணை, லோன் ஆப்

இரண்டாவது குழு லோனுக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன், ஆனால் காரணம் வேறு. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் ஒரு வரம்பு வைத்தது. ஒரு குடும்பம் கட்டுகிற எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் வருமானம் 7,700, பாதி 3,850. இப்போது கட்டுவது 1,900, புதிய தவணை 2,100. கூட்டினால் 4,000. வரம்பைத் தாண்டுகிறது. அதனால்தான் அந்த ஆள் வருமானத்தை 15,000 என்று எழுதச் சொல்கிறார். அவருக்கு டார்கெட் முடியும், தவணை நாளில் குழுப் பெண்கள் நடுவில் நிற்கப் போவது நீங்கள். உங்கள் தவணையையும் அவர்கள் சேர்த்துக் கட்ட வேண்டி வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்களோடு இருக்கிற உறவும் போய்விடும். உண்மையைச் சொன்னால் கடன் கிடைக்காது என்றால், அந்தக் கடன் உங்களுக்கு ஏற்றதல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். வருமானத்தைக் கூட்டி எழுதினால் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

கடைத் தவணையில் 32,000-க்கும் வாங்கினால், ஒரு வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 2,670 வரும். உங்களால் தாங்க முடியாது. 'ஜீரோ வட்டி' என்ற பேச்சையும் முழுசாக நம்ப வேண்டாம். அப்படி ஒரு வட்டியே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ஃபைல் சார்ஜாகவோ, ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காமலோ அது எங்கேயாவது சேர்ந்திருக்கும். கடையில் இரண்டு விலையையும் கேளுங்கள்: முழுப் பணம் கொடுத்தால் என்ன, தவணையில் எல்லாச் செலவும் சேர்த்து என்ன. அந்த வித்தியாசம்தான் வட்டி.

அதைவிடப் பெரிய விஷயம், தவணையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள நீங்கள் அனுமதி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். உதவித்தொகை விழுகிற கணக்கையே கொடுத்துவிட்டால், அந்த 1,200 உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். பணம் போதாமல் திரும்பினால் வங்கி ஒரு அபராதம் பிடிக்கும், கடன் கொடுத்த கம்பெனி தனியாக ஒன்று போடும். என்றைக்காவது தவணைக் கடன் எடுத்தால், உதவித்தொகைக் கணக்கைக் கொடுக்காமல் அதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லோன் ஆப்பை மகள் போனிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணின் போன், அதில் அவள் தோழிகள் நம்பர், போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன. முறையான ஆப் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்பது விதி. விதியை மதிக்காத ஆப்கள்தான் அவற்றை வைத்து மிரட்டுகின்றன. ஏற்கெனவே ஏதாவது விவரம் கொடுத்துவிட்டு மிரட்டல் வந்தால் தயங்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

என் யோசனை

32,000 ரூபாயை ஒரே கடனாக நினைப்பதுதான் உங்களை இந்த மூன்று வாசல்களிலும் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதைப் பிரியுங்கள். அடுப்பு, மிக்ஸி, மெத்தை உடனே வேண்டும்: 8,500. ஃப்ரிட்ஜைப் புதிதாக வாங்காமல், ரிப்பேர் செய்து விற்கிற கடையில் சுமார் 6,000-க்குப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, ஃப்ரீசர் குளிர்கிறதா, கதவு ரப்பர் ஒட்டுகிறதா என்று பார்த்து, சில மாதமாவது வாரன்டி எழுதி வாங்குங்கள். வீட்டில் நாலு செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றி வையுங்கள். பீரோ இப்போது வேண்டாம். தரைத்தளத்தில் அடுத்த மழைக்கும் அதே கதிதான் ஆகும். துணிக்கு ஒரு டிரங்குப் பெட்டி, பரண் மேல் போதும். ரேஷன் கார்டு, கணவரின் இறப்புச் சான்றிதழ், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு அதே பரணில் வையுங்கள்.

ஆக, 14,500 இருந்தால் வீடு நடக்கும். வேலை செய்கிற இரண்டு வீடுகளிலும் 1,500 வீதம் அட்வான்ஸ் கேட்டு, மாதம் 250 வீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். மழையில் வீட்டில் தண்ணீர் நின்ற கதை அவர்களுக்கும் தெரிந்ததுதானே, கேளுங்கள். மீதி 11,500 வருகிறது, 12,000 என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு, அம்மா கொடுத்த அரை சவரன் கம்மல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி யோசியுங்கள்.

மகளுக்கென்று வைத்தது, கை வைக்க மனசு வரவில்லை என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்கும் கடன்களிலேயே இதுதான் மலிவு. இன்னொன்று, உதவித்தொகை வாங்குகிறவருக்கு வங்கியில் கடன் கிடைக்காது என்று நினைக்கிறீர்களே, நகைக் கடனுக்கு அது பொருந்தாது. சம்பளச் சான்று இல்லாதவர்கள்கூட வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் நகை வைத்துக் கடன் வாங்கலாம். ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 12,000-க்கு மாதம் 100 ரூபாய்தான் ஆகும். தண்டலில் 100 நாளுக்கு 3,000. கம்மலின் இன்றைய மதிப்பு இந்தக் கடனைவிட மிக அதிகம், ஆகவே அதிகமாகத் தருகிறேன் என்றாலும் 12,000-க்கு மேல் வாங்காதீர்கள். வங்கியில் நகையின் எடை, கடன் தொகை, வட்டி, கெடு தேதி எல்லாம் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி, அதன் போட்டோவையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனை அடகுக்கடையில் வைப்பதாக இருந்தால் லைசென்ஸும் ரசீதும் இல்லாத இடத்தில் வைக்காதீர்கள்.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகிற பழக்கமும் வந்துவிடும். அதனால் இப்போதிருந்தே மாதம் 200, 300 என்று முடிந்ததை அசலில் கட்டுங்கள். எட்டு மாதத்தில் குழு லோன் முடிகிறது, அதன் பிறகு அந்த 1,900-ஐ அப்படியே கம்மலுக்குத் திருப்புங்கள். வருடக் கெடு வரும்போது பெரும்பகுதி அடைந்திருக்கும், மீதிக்குத்தான் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்த எட்டு மாதம் முடியும்போது, "புது லோன் ரெடி" என்று மறுபடி வருவார்கள். அப்போது மறுத்துவிடுங்கள்.

கேட்காமல் விட்ட உதவிகள்

கடன் வாங்கினால் உதவித்தொகை நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள். கடன் வருமானம் அல்ல, அதற்காக உதவித்தொகையை நிறுத்த மாட்டார்கள். ஆனால் நீங்கள் பெறக்கூடியவற்றில் முக்கியமான ஒன்றை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், விதவைத் தாயின் பிள்ளைகளுக்கு, வீட்டிலேயே தாயோடு இருந்து படிக்கிறவர்களுக்கு, ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. நகரங்களில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000-க்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் 7,700-ஐ 12 மாதத்துக்குப் பெருக்கினால் 92,400. உள்ளே வருகிறீர்கள். இப்போது தெரிகிறதா, அந்த ஆள் எங்காவது 15,000 என்று எழுதி வைத்தால் என்ன கெடுதல் என்று? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுதான் விண்ணப்பம் வாங்கும், ஒரு குழு பரிசீலித்து முடிவு செய்யும். நிதிக்கு ஏற்பத்தான் கொடுப்பார்கள், எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, மாதங்களும் ஆகலாம். ஆகவே இதை நம்பி இன்றைக்குக் கடன் வாங்காதீர்கள், ஆனால் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ராஜாஜி சாலையில் இருக்கிற கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு திங்கட்கிழமை மனு நாளில் போய்க் கேளுங்கள். இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் சான்று, ஆதார், கணவரின் இறப்புச் சான்று கையில் இருக்கட்டும். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ரேஷன் ஸ்மார்ட் கார்டில் என்ன குறியீடு அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தியோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ அரிசி உண்டு. நிலையான வருமானமில்லாத விதவைகளின் குடும்பங்கள் அந்த வகையில் சேரத் தகுதியுள்ளவை. உங்களுடையது சாதாரண அரிசி அட்டையாக இருந்தால் வகை மாற்றக் கேட்டு அதே நாளில் இன்னொரு மனு கொடுங்கள். வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கிறது. பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம்.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பதால், கல்லூரிக்குப் போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கே வரும். 2022-ல் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே உங்கள் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான். "பிளஸ் டூ முடிச்சதும் வேலைக்கு அனுப்பிடலாமான்னு இருக்கு" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இந்தக் கடனுக்காக அந்த முடிவை எடுக்காதீர்கள்.

கட்ட முடியாமல் போனால்

உங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான் என்று தெரிகிறது. கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். பணம் கட்டச் சொல்லிக் கோர்ட் தீர்ப்பே கொடுத்தாலும், அதை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 60-ஆவது பிரிவு, கடனாளியும் பிள்ளைகளும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை இவற்றை ஜப்தி செய்யவே கூடாது என்கிறது. கோர்ட்டுக்கே இல்லாத அதிகாரம் தெருவில் நிற்கிற வசூல் ஆளுக்கு எங்கிருந்து வரும்? தவணையில் வாங்கிய ஃப்ரிட்ஜாக இருந்தாலும், வீட்டுக்குள் புகுந்து பலவந்தமாகத் தூக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது கிரிமினல் வழக்காகலாம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கிற தவணை திரும்பினாலும் வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெற்று செக் வேண்டாம் என்று மேலே நான் அழுத்திச் சொன்னது இதற்காகத்தான்.

இப்போதுள்ள குழு லோனில் ஏதாவது ஒரு மாதம் தவறினால் ஒளியாதீர்கள். தவணை நாளுக்கு முன்பே கிளை மேலாளரிடம் போய்ச் சொல்லி, அவகாசம் எழுதி வாங்குங்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வரக் கூடாது. திட்டுவது, மிரட்டுவது, உறவினரையும் வேலை செய்கிற வீட்டுக்காரரையும் தொந்தரவு செய்வது, பெயரை வெளியில் போடுவது எல்லாம் ரிசர்வ் வங்கி தடை செய்தவை. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

தண்டல்காரர் இந்த வாரமே மறுபடி வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குள் கூப்பிடாமல், பக்கத்து வீட்டு அக்கா ஒருவரை வாசலில் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். "எனக்குக் கடன் வேண்டாம்ண்ணே, அவர் பாக்கியைப் பத்தி வக்கீல்கிட்ட கேட்டிருக்கேன்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். வாக்குவாதம் வேண்டாம். எந்தக் காகிதத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம். "கொடுத்துடறேன்" என்று வாட்ஸ்அப்பில்கூட எழுத வேண்டாம். மிரட்டினால் தேதி, நேரம், என்ன சொன்னார் என்பதை மகளின் நோட்டில் அன்றைக்கே எழுதி வைத்து, போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். கடன் வசூல் என்ற பெயரில் மிரட்டுவதையும் பின்தொடர்வதையும் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2025-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. புகார் எழுதத் துணை வேண்டுமென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், அது இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது, வக்கீலுக்கு நீங்கள் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. சென்னை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகும் திங்கட்கிழமையே அங்கேயும் போய்வந்துவிடலாம்.